அண்டாவுக்கு மூடி இல்லை

பிப்ரவரி 6, செவ்வாய்

இது இவருடைய டைரி. வருஷா வருஷம் ஹைகோர்ட்டிலிருந்து ஒன்று கொடுத்துவிடுவார்கள். சிவப்பு அட்டை, தங்க எழுத்து, அடையாளம் வைக்க ஒரு பட்டு நாடா. இவர் எதிலும் எழுதினதில்லை. புதுக் கோலம் ஏதாவது கண்ணில் பட்டால் நான்தான் இதில் புள்ளி வைத்துப் பார்ப்பேன். இந்த வருஷத்து டைரியில் ஜனவரி பூராவும் காலி. பத்தொன்பதாம் தேதி கோர்ட்டுக்குப் போனவர், மத்தியானம் சேம்பரில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். அந்தப் பக்கமும் காலிதான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து மகன் கனடாவுக்குத் திரும்பிவிட்டான். இன்றைக்கு வக்கீல் ஞானவடிவேல் வந்தார். ஒரு காலத்தில் இவரிடம் ஜூனியராக இருந்தவர். இப்போது நினைவு மலர்க் குழுவுக்குத் தலைவர். 'நீதியரசர் செண்பகராமன்: வாழ்வும் பணியும்' என்று புத்தகம் போடுகிறார்களாம். ஏப்ரலில் படத்திறப்பு.

"அம்மா, ஐயாவைப் பத்தித் தோணுறதை எல்லாம் எழுதி வைங்க. நாங்க திருத்திக்கிறோம்."

"எனக்கு என்ன தெரியும் தம்பி? நான் ஏழாங்கிளாஸ்."

"அதனாலதாம்மா கேக்குறோம். எளிமையா இருக்கும்."

அதனால்தான் எழுதுகிறேன். என் பெயர் தங்கபுஷ்பம். வயது அறுபத்தொன்று. இவருக்கு வாக்கப்பட்டு நாற்பத்தொரு வருஷம். வேறு என்ன எளிமையாகச் சொல்வது என்று தெரியவில்லை.

பிப்ரவரி 8, வியாழன்

ஹைகோர்ட்டில் இரங்கல் கூட்டம். எல்லா ஜட்ஜுகளும் கறுப்பு அங்கியோடு ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் இருந்த ரெண்டு பேருக்கு ஃபேன் காற்று எட்டவில்லை, துடைத்துக்கொண்டே இருந்தார்கள். எனக்கு முன்வரிசையில் நாற்காலி.

அரசாங்கத்துப் பெரிய வக்கீல் இருபது நிமிஷம் வாசித்தார். இவர் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்து, தெருவிளக்கில் படித்தாராம். எனக்கே புதுச் செய்தி. மாமனார் சங்கரன்கோவிலில் ரைஸ் மில் வைத்திருந்தார். அந்தத் தெருவில் விளக்குப் போட்டதே மில்லிலிருந்து லைன் இழுத்துத்தான்.

அப்புறம் வேப்பமரத் தீர்ப்பைச் சொன்னார். அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் நடு எல்லையில் ஒரு மரம் நின்ற கேஸ். "மரத்தைப் பிரிக்காதீர்கள், நிழலைப் பிரித்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு வரிக்காகவே நீதியுலகம் அவரை மறக்காது" என்றார். பக்கத்து ஜட்ஜ் கண்ணைத் துடைத்தார். வேர்வையாகவும் இருக்கலாம்.

அந்த வரி வந்த அன்றைக்கு நான் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அது இதில் எதற்கு.

கடைசியாகச் சொன்னார்: "அவசரப்பட்டு ஒரு தீர்ப்பும் வழங்காதவர். குறிப்பாகக் கடைசி ஒரு வருடம், ஒவ்வொரு வழக்கையும் ஆழ்ந்து ஆழ்ந்து சிந்தித்தார். ஒத்திவைக்கப்பட்ட நாற்பத்து மூன்று தீர்ப்புகளே அதற்குச் சாட்சி." எல்லாரும் தலையாட்டினார்கள்.

வெளியே வரும்போது மாசிலாமணி கூடவே வந்தார். இவருடைய டபேதார். இவர் கோர்ட்டுக்குள் நடந்தால் வெள்ளிப் பூண் போட்ட தடியோடு முன்னால் 'உஸ்ஸ்' என்று சொல்லிக்கொண்டு போவார். பன்னிரண்டு வருஷம் போனவருக்கு இன்றைக்கு எனக்கு முன்னால் நடப்பதா பின்னால் நடப்பதா என்று தெரியாமல் பக்கத்தில் நடந்தார்.

"அந்த நாப்பத்து மூணு என்ன ஆகும் மாசிலாமணி?"

"செத்துப்போச்சும்மா. வாதமெல்லாம் முடிஞ்சு, தீர்ப்பை அப்புறம் சொல்றேன்னு வெச்சதுதானே. சொல்ல வேண்டியவரு போயிட்டாரு. வேற ஜட்ஜ் முன்னால மறுபடி முதல்லேர்ந்து."

பிப்ரவரி 9

ரெண்டு டம்ளர் காபி போட்டுவிட்டேன். ரெண்டையும் நானே குடித்தேன்.

பிப்ரவரி 14, புதன்

காவலுக்கு இருக்கிற போலீஸ்காரர் உள்ளே வந்து, "ஒரு பொம்பளை தர்பூசணியோட நிக்குதும்மா, போகச் சொன்னா போகமாட்டேங்குது" என்றார். பின்வாசல் வழியாக வரச் சொன்னேன்.

அஞ்சலாட்சி என்று பேர். என்னைவிட ஒரு வயது சின்னவள். திண்டிவனத்துக்கு உள்ளே ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்தவள். இவரிடம் ஒத்திவைத்த நாற்பத்து மூன்றில் இவளுடையதும் ஒன்று.

"கேஸ்காரங்க கையால இந்த வீட்டுல எதையும் வாங்கக் கூடாதும்மா. அது சட்டம்."

"ஐயாதான் இல்லையே யம்மா. இப்ப நீ யாரு, நான் யாரு? ரெண்டு பொம்பளைங்க, ஒரு பழம்."

வெட்டினேன். சிவப்பாக இருந்தது. சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்.

"ஒம்பது வருசம் ஆவுது. சாம்பார் வாளியில பல்லி கெடந்துச்சு. பதினோரு புள்ளைங்க வாந்தி எடுத்துச்சுங்க. ஆஸ்பத்திரியிலேர்ந்து சாயங்காலமே அதுங்க வூட்டுக்கு வந்துடுச்சு. என்னைத்தான் வூட்டுக்கே அனுப்பிட்டாங்க. யம்மா, அண்டாவுக்கு மூடி குடுங்கன்னு நான் மூணு தபா மனு எழுதினவ. 'பரிசீலனையில் உள்ளது'ன்னு ஒரே ஒரு பதிலு. அத என் வக்கீலு கோர்ட்டுல காட்டினாரு. அதுவே எனக்கு எதிரா திரும்பிச்சு. மூடி இல்லாம ஆக்கினேன்னு நானே ஒத்துக்கிட்டேனாம்."

"இப்ப என்ன வேணும் உனக்கு?"

"ஜூன் முப்பதோட எனக்கு அறுவது முடியுது. அதுக்குள்ள தீர்ப்பு வரலன்னா, அப்புறம் ஜெயிச்சாலும் அந்த சமையக்கட்டுல கால் வெக்க முடியாது. ஊருல புள்ளைங்க என்னைப் பல்லி ஆயான்னு கூப்புடுதுங்க. ஒரே ஒரு நாளு நான் ஆக்கணும். அதுங்க துன்னுட்டு எழுந்து போவணும். அவ்ளோதான்."

கையைக் கழுவிவிட்டு, "ஐயா ஏதாச்சும் எழுதி வெச்சிருக்காரான்னு பாரேன்" என்றாள்.

"எனக்கு என்ன தெரியும் அஞ்சலாட்சி" என்று சொல்லி அனுப்பினேன். அவள் போன பிறகு இவருடைய அறையைத் திறந்தேன். தாள் தாளாகக் குறிப்பு. அவளுடையதும் இருந்தது. 'பல்லி முழுசு, வால் உட்பட' என்று எழுதி, ரெண்டு கோடு அடித்து, ஓரத்தில் 'பு' என்று ஒரு எழுத்து. தள்ளித் தள்ளி மற்ற தாள்களையும் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஓரத்தில் 'பு', பக்கத்தில் கேள்விக்குறி. சட்டத்தில் ஏதோ அடையாளமாக இருக்கும்.

பிப்ரவரி 17, சனி

ஞானவடிவேலுக்காக இவருடைய ஆரம்ப காலம்:

கோவில்பட்டியில் குடித்தனம். முதல் கேஸ் ஒரு ஆட்டுக் கேஸ். எதிர்வீட்டு ஆடு முருங்கையைத் தின்றுவிட்டது. இவருக்கு ரெண்டு நாள் தூக்கமில்லை. சாப்பிடும்போது என்னிடம் சொன்னார். ஆடு அவிழ்ந்து போச்சா, அவிழ்த்து விட்டார்களா, அதைக் கேளுங்க என்று நான் ஏதோ சொல்லிவைத்தேன். அதைக் கேட்டார். கேஸ் ஜெயித்தது.

அப்போதிலிருந்து சாப்பாட்டோடு ஒரு கேஸ். கதை மாதிரிச் சொல்வார். பேர் சொல்ல மாட்டார். 'ஒருத்திக்கு ரெண்டு மருமகள்', 'ஒருத்தன் தன் கிணத்தை வித்தான்' என்று ஆரம்பிப்பார். முடித்துவிட்டு, "நீ என்ன சொல்றே புஷ்பம்?" என்பார். நான் என்ன சொல்வேன், மோர் வேணுமா என்று கேட்பேன், நடுவில் வாய்க்கு வந்ததைச் சொல்வேன். இவர் சாப்பாட்டை முடித்துக்கொண்டு எழுதப் போய்விடுவார்.

வேப்பமரத் தீர்ப்பு நூற்றுப் பன்னிரண்டு பக்கம். நான் சொன்னது ஒரு வரிதான். மற்றதெல்லாம் இவருடைய அறிவு.

ஜட்ஜ் ஆனது சுலபமில்லை. மூன்று தடவை பேர் டெல்லிக்குப் போனது. முதல் தடவை வயது பத்தாது என்று திரும்பி வந்தது. ரெண்டாம் தடவை வயது கூடிவிட்டது என்று வந்தது. மூன்றாம் தடவை ஒரு காரணமும் தோன்றவில்லை போலிருக்கிறது, ஆகிவிட்டது. அந்த நாலு வருஷமும் போன் அடித்தால் இவர் எழுந்து நின்றுதான் எடுப்பார். பல தடவை அது கேஸ் சிலிண்டர்க்காரன்.

பிப்ரவரி 26, திங்கள்

பொதுப்பணித்துறையிலிருந்து ரெண்டு பேர் வந்து பங்களாவில் என்னென்ன இருக்கிறது என்று சரிபார்த்தார்கள். ஏப்ரல் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். வேளச்சேரியில் சொந்த பிளாட் இருக்கிறது, மூன்றாவது மாடி.

ஒரு திரைச்சீலைக் கம்பி குறைகிறதாம். "மறைந்த நீதியரசர் மேல எங்களுக்கு மிகுந்த மரியாதை உண்டும்மா. ஆனா கம்பி எங்க?"

தேடிக் கொடுத்தேன். மாடித் தோட்டத்தில் அவரைக்கொடிக்கு முட்டுக் கொடுத்திருந்தது. நான் வைத்ததுதான்.

மார்ச் 8, வெள்ளி

மகளிர் தினமாம். கீழே ரெண்டு காவல்காரிகளுக்கு ரோஜாப்பூ வந்தது.

போன வருஷம் இதே நாள் ஒரு சட்டக் கல்லூரியில் விழா. இவர் சிறப்பு விருந்தினர். நான் மயில்கழுத்துப் பட்டுக் கட்டிக்கொண்டு முன்வரிசையில். இவர் பேசினார்: "என் வெற்றிக்குக் காரணம் என் மனைவி. ஏன்னா அவங்களுக்குச் சட்டமும் தெரியாது, கோர்ட்டும் தெரியாது. அவங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் அடுப்பு ஒண்ணுதான். வீட்டுக்குப் போனா அறிவுக்கு முழு ஓய்வு!" ஆயிரம் பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். கேமராக்காரன் என் பக்கம் திரும்பினான், சிரித்தேன். அந்தப் படம் பேப்பரில் வந்தது. நன்றாகத்தான் இருந்தது.

அன்றைக்குச் சாப்பிடும்போது சொன்னார், "ஒரு பள்ளிக்கூடத்துல ஒரு சமையக்காரி. சாம்பார்ல பல்லி. மூணு நாளா ரெண்டு வக்கீலும் எந்த விதியில நோட்டீஸ் குடுத்தாங்கன்னே சண்டை போடுறானுங்க. நீ என்ன சொல்றே புஷ்பம்?"

"எனக்கு என்னங்க தெரியும்" என்றேன். ரசம் ஊற்றினேன்.

கோபமெல்லாம் இல்லை. சபையில் இவரே ஒன்று சொன்ன பிறகு நான் வேறு மாதிரி நடந்தால் இவருக்குத்தானே மரியாதைக் குறைவு.

மறுநாளும் கேட்டார். அதற்கு மறுநாள் வேறொரு கேஸ் சொன்னார். எல்லாவற்றுக்கும் அதையே சொன்னேன். மோர் மட்டும் கேட்டு ஊற்றினேன். இவருடைய சட்டை தொளதொள என்று ஆனது. டாக்டர் சர்க்கரை என்றார்.

இப்போது எழுதினால் தப்பில்லை. அந்தப் பல்லி விஷயம் எனக்கு அன்றைக்கே தெரியும். பருப்புச் சாம்பார் அண்டாவில் ஒரு மணி நேரம் கொதிக்கும். அதில் விழுந்த பல்லி பல்லியாகவா கிடைக்கும்? தோலும் எலும்புமாகக் கரைந்துபோகும். இது வாலோடு முழுசாகக் கிடந்திருக்கிறது. அப்படியானால் கொதித்து இறக்கி, வாளியில் ஊற்றி, சூடு தணிந்த பிறகு விழுந்தது. அந்த நேரம் வாளி எங்கே இருந்தது, அதைத்தான் கேட்க வேண்டும். அடுப்படியில் நின்ற எந்தப் பொம்பளைக்கும் இது தெரியும். கோர்ட்டில் அடுப்படியில் நின்றவர்கள் யாரும் இல்லை, அவளைத் தவிர. அவளை யாரும் கேட்கவில்லை.

இது மலருக்கு இல்லை.

மார்ச் 9, சனி

அஞ்சலாட்சிக்குப் போன் போட்டேன்.

"அன்னிக்கு வாளி எங்க இருந்துச்சு?"

"எட்மாஸ்டர் ரூமுல யம்மா. யூனியன் சேர்மன் வந்திருந்தாரு, அவர் பேசி முடிக்கிற வரைக்கும் புள்ளைங்களுக்குச் சோறு போடக் கூடாதுன்னு அங்க வாங்கி வெச்சிக்கினாங்க. முக்கா மணி நேரம் பேசினாரு."

"மூடி?"

"வாளிக்கு ஏது மூடி? அண்டாவுக்கே இல்ல."

"சேர்மன் எதைப் பத்திப் பேசினார்?"

"சுகாதாரத்தைப் பத்தி."

மார்ச் 15, வெள்ளி

ஞானவடிவேல் என் கட்டுரையை எழுதி எடுத்துக்கொண்டு வந்தார். தலைப்பு: 'நீதிக்கடலின் கரையில் நான் ஒரு சிறு கிளிஞ்சல்'. கீழே என் பேர், என் போட்டோ.

"நான் இப்படிச் சொல்லலையே தம்பி."

"உணர்ச்சி உங்களுதுதாம்மா. வார்த்தை மட்டும் எங்களுது."

இவருடைய குறிப்புத்தாள்களைக் காட்டினேன். ஓரத்தில் இருந்த 'பு'வைப் பார்த்து அவருக்கு மெய்சிலிர்த்துவிட்டது. "புனராய்வும்மா! ஒவ்வொரு முடிவையும் திரும்பத் திரும்பப் பரிசோதிக்கிற முறை. இதுக்கே ஒரு தனிக் கட்டுரை போடணும்."

போடட்டும்.

"தம்பி, ஒரு பல்லி கேஸ் இருக்கே, அதுல வாளி எங்க இருந்துச்சுன்னு யாராவது..."

"அம்மா, நீங்க எதுக்கு அதெல்லாம் மனசுல போட்டுக்கிறீங்க? நேரத்துக்குச் சாப்பிடுங்க."

மார்ச் 19, செவ்வாய்

ரெண்டு மாசம் ஆகிவிட்டது. அந்தக் காலையை யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இவர் குளித்துவிட்டு வந்து மேசையில் உட்கார்ந்தார். இட்லியைப் பிய்க்காமல் என்னைப் பார்த்தார். பத்து மாசத்துக்கு அப்புறம், மெதுவாக, யாரிடமோ கடன் கேட்கிற மாதிரி:

"அந்தப் பல்லி கேஸ்ல நீ என்னதான் நினைக்கிறே புஷ்பம்?"

"இட்லி ஆறுது, சாப்பிடுங்க" என்றேன்.

சாப்பிட்டார். போனார்.

மார்ச் 25, திங்கள்

மாசிலாமணி வந்தார். இவருடைய வழக்குக் கட்டெல்லாம் ஜஸ்டிஸ் விஸ்வலிங்கத்திடம் போகிறதாம். இந்தப் பங்களாவும் அவருக்குத்தான். அவர் வீடு ஒழுகுகிறது என்று ரெண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாராம்.

"எப்படிப்பட்டவர்?"

"நல்லவரும்மா. ஆனா யாரு பேசினாலும் போனைப் பார்த்துக்கிட்டே கேப்பாரு. வியாழக்கிழமை அவங்க வீட்டம்மா வீட்டைப் பாக்க வர்றாங்க."

முருங்கைக்காய் வாங்கி வரச் சொன்னேன்.

மார்ச் 28, வியாழன்

விஸ்வலிங்கம் சார் மனைவி பேர் சாருலதா. காலேஜில் பொருளாதாரம் சொல்லிக்கொடுக்கிறாராம். போனை ஜன்னலுக்கு நேராகப் பிடித்தால் அதுவே அளவு சொல்கிறது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆன்ட்டி, சார் மாதிரி ஒரு மேதைகூட எப்படித்தான் இருந்தீங்களோ" என்றார். பாத்ரூம் டைல்ஸையும் பார்த்தார்.

சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று உட்கார வைத்தேன்.

"உங்க வீட்டுக்காரர் சாப்பிடும்போது கேஸெல்லாம் சொல்வாரா?"

"ஐயோ, வீட்டுல மூச்சு விடமாட்டார் ஆன்ட்டி. சாப்பிடும்போது யூடியூப். வட இந்தியாவுல ரோட்டோரம் எப்படிச் சமைக்கிறாங்கன்னு பாப்பார். நான் பேசினா காதுல விழாது. எதாவது அருவருப்பா சொன்னாத்தான் நிமிர்ந்து பாப்பார்."

சோற்றைப் பிசைய விட்டேன். முருங்கைக்காய்ச் சாம்பார் ரெண்டு கரண்டி ஊற்றினேன். அப்புறம், நம் பக்கத்தில் பேசிக்கொள்கிற மாதிரி, ஆரம்பித்தேன்.

"இதே மாதிரி சாம்பார்தான். ஒரு பள்ளிக்கூடத்துல பல்லி விழுந்துருச்சு."

கை நின்றுவிட்டது.

"வாலோட, முழுசா. அதுதான் எனக்கு ஆச்சரியம். கொதிக்கிற அண்டாவுல விழுந்தா கரைஞ்சு கலந்துல்ல போயிருக்கும்? தோல் தனியா, கண்ணு தனியா..."

"ஆன்ட்டி, ப்ளீஸ்."

"அப்ப கொதிச்சு இறக்கினதுக்கு அப்புறம்தான் விழுந்திருக்கணும். வாளியை எட்மாஸ்டர் ரூம்ல முக்கால் மணி நேரம் திறந்து வெச்சிருந்தாங்களாம். பாவம், சமையக்காரி வேலை போச்சு. நீங்க சாப்பிடுங்க. இன்னும் கொஞ்சம் ஊத்தவா?"

அவர் அதற்கு மேல் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. தயிர்கூட வேண்டாம் என்றுவிட்டார். வண்டியில் ஏறும்போதும் முகம் வெளிறியிருந்தது. "இதை இன்னிக்கு அவர்கிட்ட சொல்லாம எனக்குத் தூக்கம் வராது ஆன்ட்டி" என்றார்.

"சாப்பாடு போடும்போது சொல்லுங்க" என்றேன்.

ஏப்ரல் 5, வெள்ளி

படத்திறப்பு. ஓவியர் இவரைப் பத்து வயது குறைத்து, மீசையைத் திருத்தி, கையில் ஒரு தடிப் புத்தகம் கொடுத்திருந்தார். இவர் புத்தகத்தை எப்போதும் மேசையில் வைத்துத்தான் பார்ப்பார், கை வலிக்கும் என்று. இவருடைய அங்கி ஒன்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். இன்னொன்று என்னிடம் இருக்கிறது. அதற்குக் கழுத்தில் நான் போட்ட தையல் தெரிகிறது என்று வேண்டாம் என்றுவிட்டார்கள்.

மலர் வெளியிட்டார்கள். என்னைக் கிளிஞ்சலை வாசிக்கச் சொன்னார்கள். தொண்டை சரியில்லை என்று சொன்னேன். ஞானவடிவேலே வாசித்தார், நடுவில் அழுதார்.

நான் அழவில்லை. வீட்டுக்கு வந்து இவருடைய துண்டை மடிக்கும்போது அழுதேன்.

ஏப்ரல் 16, செவ்வாய்

மாசிலாமணி ஓடி வந்தார். இப்போது விஸ்வலிங்கம் சாருக்கு அவர்தான் டபேதார். பல்லி வழக்கு இன்றைக்கு வந்ததாம். ஜூன் முப்பது என்று அஞ்சலாட்சியின் வக்கீல் மன்றாடி முன்னால் போட வைத்திருக்கிறார்.

"ரெண்டு பேரும் நோட்டீஸ், விதின்னு ஆரம்பிச்சாங்கம்மா. ஐயா போனைக் கீழ வெச்சாரு. நான் பார்த்ததே இல்ல. அரசாங்க வக்கீலைப் பாத்து, 'ஒரு மணி நேரம் கொதிச்ச சாம்பார்ல பல்லி வாலோட எப்படி முழுசா கிடக்கும்? வாளி எங்க இருந்துச்சு?'ன்னு கேட்டாரு. கோர்ட்டே கப்சிப். நான் உஸ்ஸுன்னு சொல்ல வேண்டிய வேலையே இல்ல."

"வக்கீல் என்ன சொன்னார்?"

"டைம் கேட்டாரும்மா. பதிலைக் கலெக்டர் ஆபீசுல கேட்டுத்தான் சொல்லணுமாம்."

மறு தேதி ஏப்ரல் 30.

ஏப்ரல் 30, செவ்வாய்

பங்களாவைக் காலி செய்த நாள். கம்பியோடு எல்லாம் சரியாக இருக்கிறது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அவரைக்கொடி அவர்களுடைய பட்டியலில் இல்லை, அதனால் அப்படியே விட்டேன்.

பல்லி கேஸில் அரசாங்க வக்கீலுக்கு உடம்பு சரியில்லையாம். நாளையிலிருந்து கோர்ட்டுக்குக் கோடை விடுமுறை. ஜூன் 3 என்று தள்ளிவைத்தார்கள்.

"விடு யம்மா, எனக்குப் பழக்கம்" என்றாள் அஞ்சலாட்சி போனில்.

மே 11

மூன்றாவது மாடியில் காகம் வருகிறது. இவருக்கு வைத்தேன். ரொம்ப யோசித்துவிட்டுத்தான் எடுத்தது.

ஜூன் 11, செவ்வாய்

மூன்றாம் தேதி வாதம் முடிந்து, மாசக்கணக்கில் ஒத்திவைக்காமல் எட்டே நாளில் தீர்ப்பு. அஞ்சலாட்சி மேல் தப்பில்லை. உடனே வேலையில் சேர்க்க வேண்டும்.

ஞானவடிவேல் போன் செய்தார். "அம்மா, விஸ்வலிங்கம் சார் பிரிச்சு மேஞ்சிட்டார். சமையலறை அறிவியலை நீதிமன்றத்துக்குள்ள கொண்டுவந்த முதல் நீதிபதின்னு எல்லாரும் பேசிக்கிறாங்க. எண்பது பக்கம்! ஐயா இருந்தா ரொம்பச் சந்தோஷப்பட்டிருப்பார்."

"ஆமா தம்பி."

"ஐயா ஏன் இதை ஒத்திவெச்சார்னுதான் தெரியல."

"எனக்கு என்ன தெரியும்" என்றேன்.

ராத்திரிச் சாப்பாடு முடித்துவிட்டு ஜனவரி 19 பக்கத்தைத் திருப்பி ஒரு வரி எழுதினேன். அது இவர் கேட்டதற்கு.

ஜூன் 20, வியாழன்

'உடனே' என்றால் எத்தனை நாள் என்று தீர்ப்பில் போடவில்லையாம். அதைக் கேட்டுப் பெரிய ஆபீசுக்கு எழுதியிருக்கிறார்கள்.

ஜூன் 25, செவ்வாய்

உத்தரவு வந்துவிட்டது. முப்பது ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை கடைசிப் பள்ளி நாள். நாளைக்குக் கையெழுத்துப் போட்டுச் சேர்கிறாள். நாளை மறுநாள் அடுப்படிச் சாவியை ஒப்படைப்பார்களாம். ஆக, ஒன்பது வருஷத்துக்கு ஒரு சமையல்.

"மூடி குடுத்துட்டாங்களா?"

"பரிசீலனையில இருக்குதாம்."

ஜூன் 28, வெள்ளி

எங்கள் வீட்டுப் பெரிய அண்டாவுக்கு ஒரு பித்தளை மூடி உண்டு. மகன் கல்யாணத்துக்கு வாங்கியது. அதை எடுத்துக்கொண்டு காலை ஐந்தரைக்குக் கிளம்பினேன். சுற்றுவதற்கு அவ்வளவு பெரிய துணி வேறு இல்லை. இவருடைய அங்கியில் சுற்றினேன். தையல் போட்டதுதான்.

பஸ்ஸில் கண்டக்டர், "என்னம்மா அது, யுத்தத்துக்கா?" என்றார். லக்கேஜ் டிக்கெட் போட்டார்.

பள்ளிக்கூடத்தில் எழுபத்து நாலு பிள்ளைகள். அதில் இருபது பேர் கையில் வீட்டுச் சாப்பாட்டு டப்பா. பல்லி ஆயா திரும்பி வந்துவிட்டாள் என்று அம்மாக்கள் கொடுத்துவிட்டிருக்கிறார்கள். அஞ்சலாட்சி அதைப் பார்த்தாள். தலையில் துணியைக் கட்டிக்கொண்டு பருப்பைக் களைந்தாள். மூடியைக் கொடுத்தேன். ரெண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, முந்தானையால் துடைத்து, அண்டாவின் மேல் வைத்தாள். கச்சிதமாக இல்லை. கொஞ்சம் பெரிசு. அதனால் என்ன.

மணி பன்னிரண்டு. எட்மாஸ்டர் வந்தார். புதியவர். அன்றைக்கு வாளியை வாங்கி வைத்த ஆள் எப்போதோ பதவி உயர்வில் போய்விட்டாராம். டீச்சர்கள் வந்தார்கள். பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்தார்கள். டப்பாக்களை யாரும் திறக்கவில்லை, பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் முதல் தட்டை நீட்டவும் இல்லை.

அஞ்சலாட்சி ஒரு கரண்டியில் சாம்பார் எடுத்து என் முன்னால் நீட்டினாள்.

"யம்மா, உப்பு புளி பாத்துச் சொல்லு."

எனக்கு என்ன தெரியும் என்பது தொண்டை வரைக்கும் வந்தது. அவ்வளவு பேரும் என் வாயையே பார்த்தார்கள். எட்மாஸ்டரும்தான்.

ஊதி, உள்ளங்கையில் விட்டு, நக்கிப் பார்த்தேன்.

"புளி சரி. உப்பு ஒரு கை குறையுது. பருப்புக்கு இன்னும் ஒரு கொதி வேணும். அது வரைக்கும் மூடியை யாரும் எடுக்கக் கூடாது."

"உணவு நேரம் ஆகிவிட்டது அம்மா, விதிப்படி..." என்றார் எட்மாஸ்டர்.

"ஆகட்டும். கொதிக்கட்டும்" என்றேன்.

கொதித்தது. உப்புப் போட்டாள். மூடியைத் திறந்தாள். அண்டாவிலிருந்து நேராகத் தட்டுக்கு. வாளி இல்லை.

முதல் தட்டு எனக்கு. சாப்பிட்டேன். அடுத்தது மூன்றாம் வகுப்பு. அப்புறம் வரிசையாக எல்லாரும். பதினைந்து நிமிஷத்தில் டப்பாக்காரப் பிள்ளைகளும் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். சாப்பிட்டார்கள், எழுந்தார்கள், குழாயில் கையைக் கழுவினார்கள், கத்திக்கொண்டு விளையாடப் போனார்கள். அஞ்சலாட்சி கரண்டியைப் பிடித்தபடி அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒரு சின்னப் பெண் மட்டும் போகாமல் தட்டோடு நின்றது. "ஆயா, இன்னும் கொஞ்சம் சாம்பாரு." ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று அரசாங்க அளவு இருக்கிறது போலிருக்கிறது. அஞ்சலாட்சி எட்மாஸ்டரைப் பார்த்தாள். அவர் சுவரில் ஒட்டியிருந்த பட்டியலைப் பார்த்தார். அப்புறம் ரெண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஊத்து" என்றேன்.